தவழும் உயரத்தில் ஒரு வீடு

சமையல் மேடை, சுவிட்சுப் பலகை, அலமாரித் தட்டு என வீட்டில் அமைக்கப்படும் எதுவும் நின்று நடமாடும் ஒருவரின் கை உயரத்தை அளவாகக் கொண்டே அமைக்கப்படுகிறது. இடுப்புக்குக் கீழே உள்ளது எஞ்சிய இடமாகவே கருதப்படுவதால், அடிக்கடி தேவைப்படாதவையும் விருந்தினர் கண்ணில் படக் கூடாதவையும் அங்கே போய்ச் சேர்கின்றன. கழிவறை கழுவும் ஆசிட், எலி மருந்து, பாதி தீர்ந்த பெயின்ட் டப்பா, பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய் ஆகியவற்றின் இருப்பிடம் பல வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பகுதியே. ஒரு வயது நிரம்பாத குழந்தை வாழ்வதும் அதே உயரத்தில்தான். ஆகவே, குழந்தைக்கு ஏற்ப வீட்டைப் பாதுகாப்பாக்குதல் என்று இன்று சொல்லப்படும் வேலை, கடையில் சில பூட்டுகளையும் மூலை மறைப்புகளையும் வாங்கி ஒட்டுவதில் அல்லாமல், அந்தக் கீழ்ப்பகுதியையும் ஒருவர் குடியிருக்கும் இடமாக ஏற்றுக்கொள்வதில் தொடங்குகிறது.

அந்தக் குடியிருப்பாளரின் எல்லை மாதத்துக்கு மாதம் விரிந்துகொண்டே போகும். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைக் காப்பு முதலாகப் பத்தாகப் பகுத்துப் பாடுகிறது. அவற்றுள் கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கும், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்துக்கும், தளர்நடையிட்டு வரும் வருகை ஏறத்தாழ ஓராண்டு நிறைவுக்கும் உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. இந்தப் பகுப்பு வீட்டை ஒழுங்குசெய்வோருக்கும் பொருந்தும், ஏனெனில் செங்கீரைக் காலத்தில் தரையில் கிடக்கும் நிலக்கடலையே பெரிய ஆபத்தாக இருக்க, வருகைக் காலத்தில் மேசை விளிம்பில் தொங்கும் மின்கெட்டிலின் வயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தை பிறந்த புதிதில் ஒருமுறை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்ததென்று இருக்கும் பெற்றோர் கவனிக்கத் தவறுவது இதையே.

விபத்து நேர்ந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே வருகிறது: பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதா? கேட்பவர் எவரும் ஒரு முழு நாள் குழந்தையிடமிருந்து கண்ணெடுக்காமல் இருந்து பார்த்தவர் அல்லர். கூட்டுக் குடும்பத்தில் பல கண்கள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அத்தையின் பொறுப்பில் விட்டதாகப் பாட்டியும், பாட்டியின் பொறுப்பில் விட்டதாக அத்தையும் எண்ணியிருக்கும் சில நிமிடங்களும் அங்கே இருந்தன. கண்காணிப்பை மட்டும் நம்பியிருப்பதன் இந்தக் குறையை ஒரு கொள்கையாக வகுத்தவர்களுள் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் முதன்மையானவர். சாலை விபத்துகளை ஆராய்ந்த அவர், 1970இல் வெளியிட்ட கட்டம் ஒன்றில், விபத்தை நேர்வதற்கு முன், நேரும் கணம், நேர்ந்த பின் என மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் மனிதர், ஊறு செய்யும் பொருள், சூழல் ஆகியவற்றுள் எதை மாற்ற இயலும் என்று கேட்டார். யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையின்றித் தானாகவே செயல்படும் காப்பே நம்பத்தக்கது என்னும் எண்ணம் அதே காலத்தில் வலுப்பெற்றது. அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மருந்து மூடியை அமெரிக்காவில் பரவலாக்கிய சட்டமும் 1970ஆம் ஆண்டினதே. இந்தியாவில் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டையில் வருவதால் அத்தகைய மூடியின் காப்பு இங்கே கிடைப்பதில்லை. அதைவிடக் கவலைக்குரியது, தாத்தாவின் ஒரு நாளைய மாத்திரைகள் பிரிக்கப்பட்டுத் தலைமாட்டில் சிறு கிண்ணத்தில் காத்திருப்பது. சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளுள் ஒன்றே ஒன்று, இரண்டு வயதுக் குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தப் போதுமானது.

தமிழகத்து வீடுகளில் நெருப்பைவிடவும் நீரே கூடுதலாக அஞ்சத்தக்கது என்று சொல்ல இடமுண்டு. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவே. இந்த மேல்பாரத்தால், வாளியின் விளிம்பைப் பற்றி எட்டிப்பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுகிறது. வாளியைக் கவிழ்க்கவோ தன் உடலைப் பின்னுக்கு இழுக்கவோ அதன் கைகளுக்கு வலுவில்லை. கூச்சலோ நீரடிக்கும் ஓசையோ பெரும்பாலும் எழுவதில்லை என்பதால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியாது. பயன்படுத்தியவுடன் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று மேலைநாட்டுக் கையேடுகள் கூறும் அறிவுரை சரியானதே, ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவிலும், லாரி வரும்போது பிடித்தால்தான் உண்டு என்றிருக்கும் குடியிருப்பிலும் குடம், அண்டா, டிரம் எதையும் காலியாக வைக்க இயலாது. குழந்தையின் பாதுகாப்பு இங்கே குடிநீர் வழங்கலோடு பிணைந்துள்ளது. அதைத் தனிப்பட்ட தாயின் கவனக்குறைவாகச் சுருக்குவது நேர்மையாகாது. எனவே இறுக மூடும் டிரம் மூடி, குளியலறைக் கதவின் வெளிப்புறத்தில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், தரைமட்டத்தில் அமைந்த சம்புக்குக் குழந்தையால் தூக்க முடியாத கனத்த இரும்பு மூடி ஆகிய மூன்றும், வண்ண வண்ணமாக விற்கப்படும் மூலை மறைப்புகளுக்கு முன்பே வாங்கப்பட வேண்டியவை.

பழைய அடுக்களையில் அடுப்பும் அரிவாள்மனையும் தரையிலேயே இருந்தன. காய் நறுக்கி முடிந்ததும் அரிவாள்மனையைப் படுக்கவைப்பதும், பாலையும் வெண்ணெயையும் உறியில் தொங்கவிடுவதும் வழக்கமாயின. உறியின் வரம்பு எதுவரை என்பதைக் கண்ணன் கதைகள் வேண்டிய அளவு சொல்லியிருக்கின்றன. நின்று சமைக்கும் மேடை வந்தபோது நெருப்பு குழந்தைக்கு எட்டாத உயரம் சென்றது, ஆனால் தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் உள்ள வீடுகளில் கொதிக்கும் ரசமும் சாம்பாரும் இன்னும் தரைக்கே இறங்கி வருகின்றன. வெந்நீரின் செய்தியும் இத்தகையதே. 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் வளர்ந்தவரின் தோலையே ஐந்து நொடி அளவில் ஆழமாகப் புண்ணாக்கும், 49 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இந்த வேறுபாட்டைக் கருதியே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல் புதிய வெந்நீர்க் கலன்களை 49 டிகிரிக்கு மேற்படாமல் அமைத்து விற்கச் சட்டம் செய்தது. கீசரின் திருகைச் சற்றுக் குறைத்து வைப்பது செலவில்லாத வேலை.

பூசை அலமாரி பொதுவாக எவருடைய பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. பச்சைக் கற்பூரம் கடுகளவு பொங்கலில் சேர்வதால், ஆரத்திக்குரிய கற்பூரமும் தீங்கற்றது என்னும் மயக்கம் இருக்கிறது. மிட்டாய் போன்ற அந்த வில்லையை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். பொம்மைக்குள்ளும் ரிமோட்டுக்குள்ளும் இருக்கும் நாணய வடிவ பேட்டரி அதனினும் கொடியது, ஏனெனில் உணவுக்குழாயில் சிக்கிய அது உமிழ்நீர் வழியே மின்னோட்டத்தை ஏற்படுத்தி, இரண்டு மணி நேரத்திலேயே தசையை அரிக்கும் காரத்தை உண்டாக்குகிறது.

நடைவண்டியையும் வாக்கரையும் ஒன்றாகக் கருதுவது பரவலான பிழை. மூன்று சக்கர மரவண்டியை, ஓரளவு நிற்கக் கற்ற குழந்தை பின்னாலிருந்து தள்ளிச் செல்கிறது. வாக்கரோ இன்னும் நிற்கவே கல்லாத குழந்தையை நடுவில் இருத்தி, படிக்கட்டின் விளிம்புவரை ஓடும் வேகத்தை அதற்கு அளித்துவிடுகிறது. கனடா 2004இல் வாக்கர் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது.

இவ்வளவுக்குப் பின்னும் குழந்தை விழும், இடித்துக்கொள்ளும். முழங்கால் சிராய்ப்பைத் தடுக்க வீடு முழுவதும் பஞ்சு விரிப்பது தேவையற்றது. ஹாடன் மூன்றாவதாக வைத்த நிலை, அதாவது நேர்ந்த பின் செய்ய வேண்டியது, தமிழ் வீடுகளில் மிகவும் பலவீனமானது. தீப்புண்ணுக்குத் தோசை மாவும், பற்பசையும், பேனா மையும் இன்னும் தடவப்படுகின்றன. செய்ய வேண்டியது இருபது நிமிடம் குழாய் நீரைப் புண்ணின்மேல் ஓடவிடுவது மட்டுமே. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து தீங்கு பெரிதாகும்; 108ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இந்தச் செய்திகள் பெற்றோரைக் காட்டிலும் பாட்டிக்கும் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கும் முதலில் சொல்லப்பட வேண்டியவை, ஏனெனில் பகல் பதினொரு மணிக்குக் குழந்தையுடன் வீட்டில் இருப்பவர்கள் அவர்களே.