ஞானாம்பாள் கற்பித்த பாடம்

பெரியோர் வரலாறுகளினின்று ஊக்கம் பெறுதல் யாவர்க்கும் இயல்பு. யானோ, இவ்வுலகில் ஒருநாளும் பிறவாத பெண்ணொருத்தியிடம் பாடம் கேட்டேன். அவள், மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதல் தமிழ் நாவலின் தலைவியாகிய ஞானாம்பாள். அவளை யான் கண்டுகொண்ட வகையை நம் கலாசாலை அன்பர்க்குச் சொல்லப் புகுகின்றேன்.

சென்ற ஆண்டில் சிதம்பரத்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்குக் கடலூரிலிருந்து சென்றிருந்தேன். பதினைந்து நாள் பாடம் செய்த பேச்சு. மேடை ஏறி, அவை வணக்கம் கூறி, நான்கு வாக்கியம் பேசினேன். ஐந்தாவது வரவில்லை. அவை முழுதும் என்னையே நோக்கியிருந்தது. யாரோ ஒருவர் சிரித்தார். வணக்கமும் சொல்லாமல் இறங்கி வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

மாலையில் ஊர் திரும்பப் புகைவண்டி ஏறினேன். கிள்ளையைக் கடந்து வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வண்டி ஓடுகையில், ஒரு முடிவு செய்துவிட்டேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பை விடுத்து வேறு ஏதேனும் பயில்வதே தக்கது; நாலு பேர் முன் நாலு வார்த்தை பேசமாட்டாதவள் நாளை எவ்வாறு ஆசிரியை ஆவது? “தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று உறவினர் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்து விடை சொன்ன என் நா, அன்று எனக்கே பகையாயிற்று.

பைக்குள் பாடப்புத்தகமாகப் பிரதாப முதலியார் சரித்திரம் இருந்தது. அழுகையை மறைத்தற்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. ஆதலின் அதனை விரித்தேன். நூலின் பயன் எவ்வெவ்வாறோ வாய்க்கின்றது!

ஞானாம்பாள் கதை பலரும் அறிந்ததே. செல்வக் குடியிற் பிறந்து, இளமையில் பிரதாபனோடு உடன் கற்று, பின் அவனை மணந்தவள். வேட்டைக்குச் சென்ற கணவன் சட்டமும் நீதியும் இல்லாத ஒரு நாட்டில் அகப்படுகின்றான். அவளும் வீட்டைப் பிரிந்து, ஆணுடை பூண்டு, காட்டில் அலைகின்றாள். அரசனை இழந்த நாட்டின் பட்டத்து யானை அவளையே அரசாகத் தேர்ந்துகொள்கின்றது. அவள் ஆள்கின்றாள், கணவனோடு கூடுகின்றாள், சிறிது காலத்திற்குப்பின் அரியணையை விடுத்து ஊர் திரும்புகின்றாள்.

இதனை முன்பு படித்தபோது யானைக் கதை என்று நகைத்திருக்கிறேன். அன்று வண்டியில் ஒன்று புலனாயிற்று. யானை தரவல்லது பதவி ஒன்றே. ஆளும் திறத்தை எந்த யானையும் தர இயலாது. அத்திறம், எவரும் காணாதவண்ணம் சிறுபருவத்தில் கற்ற கல்வியால் அவளிடம் முன்னமே இருந்தது. வாய்ப்பு வந்தபோது அது வெளிப்பட்டது, அவ்வளவே. யானோ, பதினைந்து நாளாகச் சொற்களை மனத்தில் அடுக்கினேனே ஒழியப் பொருளைக் கற்கவில்லை. ஒரு சொல் நழுவியதும் எல்லாம் நழுவிற்று. என் குறை நாவில் இல்லை, கற்ற முறையில் இருந்தது என்று தெளிந்தேன். குறை இன்னதென்று தெரிந்தபின் அச்சம் பாதி குறைந்தது.

இந்நூலாசிரியரையும் நினைத்தேன். 1826-இல் பிறந்து 1889-இல் மறைந்த அவர் ஒரு கிறிஸ்தவர். மாயூரத்தில் முனிசீபு பதவி வகித்தவர். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் உரைநடையில் நெடுங்கதை எழுதத் துணிந்தார். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்காத குறையைக் கடிந்தார். பெண் கல்வியை வற்புறுத்தி 1869-இலேயே ‘பெண்மதி மாலை’ இயற்றினார். நம் நாட்டில் பெண்கள் இருவர் முதன்முதல் பட்டம் பெற்றது கல்கத்தாவில், 1883-இல். அதற்கு நான்கு ஆண்டு முன்னரே தம் கதைப்பெண்ணை அரியணையில் அமர்த்திவிட்டார் வேதநாயகர்!

எனினும், ஞானாம்பாள் கதையில் எனக்கொரு வருத்தமும் உண்டு. ஆளும் தகுதி உடையவளும் ஆணுடையினுள் மறைந்தே ஆள வேண்டியிருந்தது. இன்று எமக்கு அம்மறைவு வேண்டுவதில்லை. ஆயினும் யான் வேறொரு மாற்றுடை அணிந்திருந்தேன். பரிசு பெற்ற ஓர் அக்காளின் குரலையும் கையசைவையும் அப்படியே இரவல் வாங்கி மேடை ஏறினேன். சவுல் தந்த கவசம் தாவீதுக்குப் பொருந்தவில்லை. அதனைக் களைந்து, தான் பழகிய கவணையே எடுத்தான். எனக்கும் என் சொந்தக் குரலே போதும் அன்றோ?

வீடு சேர்ந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது எனக்கு ஐந்து வயது. பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. எங்கள் சிறு முந்திரித் தோப்பும் ஒரே இரவில் தரையாயிற்று. அம்மா அதன்பின் கூலிக்குக் கொட்டை உடைத்தார். உடைத்த கொட்டையின் எண்ணெய் பட்டுக் கருத்த விரல்களாலேயே புதுக் கன்றுகள் நட்டார். அவர் நாவல் எதுவும் படித்ததில்லை. நான் சொன்னதைக் கேட்டு, “சாஞ்ச மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, குழி வெட்டுறது யாரு கண்ணு?” என்றார். ஞானாம்பாள் கற்பனை, ஆனால் அவளைப் போன்றவள் என் வீட்டு அடுப்பங்கரையில் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறாள்.

மறுநாள் வகுப்பிற்குச் சென்றேன். அதன்பின் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று, பாடம் செய்யாமல், கற்றதை என் சொற்களில் அலைகட்குச் சொல்லிப் பழகினேன். மூன்று திங்கள் கழித்துக் கடலூரில் ஒரு சிறு கூட்டத்தில் மீண்டும் பேசினேன். கால் நடுங்கிற்று. நடுவில் ஒருமுறை சொல் தடைப்பட்டது. இம்முறை இறங்கவில்லை. மூச்சு வாங்கி, சொல்ல வந்த பொருளை நினைத்து, வேறு சொல்லால் தொடர்ந்து முடித்தேன். பரிசு வேறொருவர்க்குச் சென்றது, எனக்குக் குறையில்லை.

தன்னம்பிக்கை என்பது விழாதிருத்தல் அன்று. விழுந்த இடத்திலிருந்து அடுத்த சொல்லைத் தேடுதல் என்று இப்போது அறிகின்றேன். நண்பர்காள்! யானையின் வரவு நம் கையில் இல்லை. அது வரும் நாளில் ஆயத்தமாயிருத்தலோ முற்றும் நம் கையிலேயே உளது.