அலுமாரியும் லாச்சியும்

மட்டக்களப்பு என்று ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தே வெளியூர் நண்பர்கள் கேட்கும் வினாக்கள் இரண்டு. பாடும் மீனின் ஓசையை நீ கேட்டிருக்கிறாயா என்பது ஒன்று; வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவீர்களாமே என்பது மற்றொன்று. இவற்றுக்கு மறுமொழி கூறிச் சலித்துப்போனவன் நான். இவ்விரண்டுக்கும் புறம்பாக எங்கள் நகருக்கு இன்னொரு கதையும் உண்டு. அதனை அங்கு பிறந்து வளர்ந்த நானே பல்கலைக்கழகம் புகுந்த பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

மொழியியல் வகுப்பில் எங்களுக்கொரு பயிற்சி தரப்பட்டது. விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது அங்கு புழங்கும் பிறமொழிச் சொற்களைத் தொகுத்து வருக என்பதே அது. அரைநாளில் முடியும் வேலை என்றெண்ணி, அம்மம்மாவின் வீட்டில் ஒரு கொப்பியுடன் அமர்ந்தேன். விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி எனக் கண்ணிற் பட்டவற்றை எழுதிக்கொண்டே போனேன். குசினிக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே தாச்சியும் கோப்பையும் பாணும். கொடியிலே துவாயும் லேஞ்சியும், வாசலிலே சப்பாத்து, கொல்லைப்புறத்தில் அலவாங்கும் பீப்பாவும், அவற்றுக்கு அப்பால் அன்னாசியும் கொய்யாவும். இவை யாவும் போர்த்துக்கேயம் தந்த சொற்கள். தூய தமிழ்க் குடும்பம் என்று பெருமை பேசும் எங்கள் வீட்டில் மேற்கூறிய சொற்களைக் கழித்துவிட்டால், அமர்வதற்கும் இடமில்லை, உண்பதற்கும் கலமில்லை.

ஒல்லாந்தச் சொற்களையும் தேடினேன். அகப்பட்டவை சில. அலுமாரியின் உள்ளே இருக்கும் லாச்சி ஒல்லாந்தம். அலுவலகத்தை அம்மம்மா இன்றும் கந்தோர் என்பார், அதுவும் ஒல்லாந்தமே. மூன்றாவது கக்கூசு. உத்தியோகமும் உபாதையும் ஒல்லாந்தருடையவை, இல்வாழ்க்கை போர்த்துக்கேயருடையது என்று கொப்பியில் வேடிக்கையாக எழுதிவைத்தேன்.

வேடிக்கையாக எழுதியது பின்னர் என்னை உறங்கவிடவில்லை. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படைத்துணையோடு வந்த ஒல்லாந்தர் அதனை 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி கைப்பற்றினர். ஆக, கோட்டையிற் போர்த்துக்கேயரின் வாசம் பத்தே ஆண்டுகள். அதன்பின், இடைவெளியொன்று நீங்கலாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வரும்வரை அது ஒல்லாந்தர் கையிலேயே இருந்தது. நெடுங்காலம் கச்சேரியாக விளங்கிய அக்கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றே நாம் வழங்குகிறோம். சுவர் ஒல்லாந்தருடையதாக நிலைத்துவிட்டது. மொழியோ தோற்றோடியவனுடையதாக நிலைத்துவிட்டது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

நூலகத்திற் சில நூல்களைப் புரட்டிய பின்னர் விடை தெளிந்தது. ஒல்லாந்தர் வருவதற்கு முன்னரே ஆசியத் துறைமுகங்களில் வணிகப் பொதுமொழியாகப் போர்த்துக்கேயம் வேரூன்றிவிட்டது. ஒல்லாந்தக் கும்பனியின் படைவீரர் பலர் குடும்பமின்றி வந்தவர்கள். அவர்கள் இங்கு மணந்த பெண்கள் போர்த்துக்கேயக் கலப்பினர். போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசியோர். பிள்ளைகள் தாயின் மொழியையே பேசினர். ஒல்லாந்த மொழியைப் பரப்பக் கும்பனி முயன்றும் அம்முயற்சி பலிக்கவில்லை. தகப்பன் கந்தோரில் ஒல்லாந்தம் எழுதினான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சோறு கேட்டது போர்த்துக்கேயத்தில். தாய்க்கும் அவள் தாய்க்கும் பிறகு மகளுக்கே வீடு உரித்தாகும் வழக்கமுடைய எங்கள் பகுதியில் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. அம்மம்மாவின் வீடும் அவருக்குச் சீதனமாக வந்ததுதான். எங்களுக்கு வீடு வந்த வழியே பறங்கியர்க்கு மொழி வந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்திலும் இம்மொழி தழைத்தே இருந்தது. வெஸ்லியன் மிசனரிமார் இதிலே பிரசங்கம் செய்தனர். வில்லியம் பக்லி பொக்ஸ் என்ற பாதிரியார் இலங்கைப் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்குமான அகராதியொன்றை 1819இல் கொழும்பில் வெளியிட்டார். பின்னர் ஆங்கிலக் கல்வி பரவவே மேனிலைப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறினர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்த தச்சர், கொல்லர், சப்பாத்துத் தைப்போர் ஆகியோரின் வீடுகளிலேயே அது தங்கிற்று. 1970களில் இயன் சிமித் என்னும் மொழியியலாளர் மட்டக்களப்பில் ஆய்வு செய்து கண்டதொன்று எனக்குப் பெருவியப்பளித்தது. சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியமோ நம்முடையது. வினை இறுதியில் வருகிறது. பெயருக்கு முன்னே நிற்கவேண்டிய 'பாரா' என்னும் போர்த்துக்கேய இடைச்சொல் தேய்ந்து, பெயரின் பின்னே நமது 'கு' உருபைப் போல ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர்கள் சொற்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து அமர்ந்திருக்க, எங்கள் இலக்கணம் அவர்கள் வீட்டுக்குள் சென்று அமர்ந்திருக்கிறது. ஒருவர்க்கொருவர் இத்துணை கொடுத்து வாங்கியவர்கள், அதனை மறந்து அயலவராக வாழ்ந்திருக்கிறோம்.

அயலவர் என்று நான் கூறுவது உவமையாக அன்று. அம்மம்மாவின் வீட்டு அலுமாரியைச் செய்தவரே எங்கள் ஒழுங்கையின் முடிவில் வாழும் பறங்கித் தச்சர்தான். சிறுவயதில், அவரும் அவர் மனைவியும் தம் மொழியிற் பேசிக்கொண்டால் நாங்கள் வேலிக்கு இப்பால் நின்று அதனைப் போலி செய்து சிரிப்போம். அவர்கள் எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அது எங்களுக்கு வெற்றியாகத் தோன்றிற்று. இன்று நினைக்கும்போது நாணமாக இருக்கிறது.

விடுமுறை முடிவதற்கு முன் அவரைக் காணச் சென்றேன். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவரிடம் கொப்பியை நீட்டி, "அங்கிள், கதிரைக்கு உங்கட பாசையில என்ன?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதேரதான் மனே. நீங்க எங்ககிட்ட வாங்கினதுதானே," என்றார். பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நான் விட்டுவிட்ட சொற்களையும் எடுத்துத் தந்தார். பொத்தானை விட்டிருந்தேன், ஏலத்தை விட்டிருந்தேன், பேனாவினாலேயே எழுதிக்கொண்டிருந்தும் பேனாவை விட்டிருந்தேன்.

வீட்டில் இப்போது யாருடன் இம்மொழியிற் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பான், அப்போது பேசுவோம் என்றார். 2004ஆம் ஆண்டுக் கடல்கோள் டச்பார்ப் பகுதியை அழித்தபோது, அங்கு நெருக்கமாக வாழ்ந்த பறங்கிக் குடும்பங்கள் பல மாண்டன, எஞ்சியோர் சிதறினர். கலியாண வீடுகளில் வயலின் இசைக்கக் கபிரிஞ்ஞா ஆடிப் பாடியவர்களிற் பலர் அன்றே போய்விட்டார்கள் என்று கூறி, உளியைத் திருப்பிப் பிடித்தார். லிஸ்பனிலிருந்து ஆய்வாளர்கள் வந்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போனதையும் சொன்னார். அதிற் பெருமை இருந்தது. எனினும், பேத்தி ஒரு சொல்லும் பேசமாட்டாள் என்றபோது குரல் தாழ்ந்தது.

பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி, தமிழ்மொழிமூலம் பயில்பவள். எங்கள் பேச்சைக் கேட்டு அருகில் வந்து நின்றாள். "இவளுக்கு வாசிக்கிற மாதிரி எழுதிக் குடு மனே," என்றார் முதியவர். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். பேசு என்பதற்கான சொல்லை முதலில் 'பலா' என்று எழுதிவிட்டேன். அவள் வாசித்துவிட்டு, பலாப்பழமா என்று கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆய்த எழுத்தை முன்னே இட்டு 'ஃபலா' என்று திருத்திக் கொடுத்தேன். நமது நெடுங்கணக்கில் அதிகம் வேலையற்றுக் கிடக்கும் எழுத்து அது. அவள் மீண்டும் வாசித்தாள். முதியவர் செவியைச் சற்றே முன்னே சாய்த்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் காத்து வேணும்," என்றார்.

அவள் உதட்டைப் பல்லோடு சேர்த்து மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.