கூடுதலாக ஒரு பட்டை

எங்கள் பங்கு ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. கிளைக் கிராமம் ஒன்றில் சிற்றாலயம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மத்தூரிலிருந்து சிமெண்டு மூட்டைகளை நானே ஏற்றிச் செல்வேன். கிருஷ்ணகிரி சாலையோரத்தில் ஸ்பிரிங் பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் வண்டியை விட்டு, "இனி எவ்வளவு ஏற்றினாலும் தாழக் கூடாது" என்றேன்.

அவர் குனிந்து அடியில் பார்த்தார். "என்னா ஏத்துறீங்க சாமி?"

"பத்து மூட்டை."

"தெனமுமா?"

அந்தக் கேள்வியை நான் விரும்பவில்லை. குருமடத்தில் இறையியல் கற்றவர்களுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். "கட்டுங்கள்" என்றேன். இருபுறமும் தடித்த பட்டை ஒன்றைச் சேர்த்துக் கட்டினார். வண்டி நிமிர்ந்தது. எனக்கும் சற்றுப் பெருமிதமே.

மழைக்காலத்தில் ஓர் இரவு, இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவரைப் பின்னால் படுக்க வைத்துக் கிருஷ்ணகிரி மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். மண்பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் அவருடைய இடுப்பைத் தேடிச் சென்று தாக்கியது. "மெல்லமா போங்க சாமி" என்று அவர் கெஞ்சினார். அதைவிட மெல்லச் செல்ல இயலாது. வண்டி ஏறக்குறைய நடந்துகொண்டிருந்தது. தார்ச்சாலையை அடைவதற்குள் அவருடைய முனகலும் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் என்னை அதிகமாக அச்சுறுத்தியது.

சுமைக்கு ஏற்பவே ஸ்பிரிங் வளையும் என்று 1678-இல் ராபர்ட் ஹூக் எழுதினார். பள்ளியில் மனப்பாடம் செய்த விதிதான். வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங்தான் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஐந்நூறு கிலோ சிமெண்டுக்கு வளைந்த என் பட்டைகள், மெலிந்த ஒரு கிழவிக்கு எப்படி வளையும்? அதிலும் பட்டையின் தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். கார்களில் உள்ள சுருள் ஸ்பிரிங்கிலோ கம்பியின் பருமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு; முதுகுக்குத் தெரியும்.

மறுவாரம் பெரியவரிடம் மீண்டும் சென்றேன். ஓசூர் ஆலையில் பணிபுரியும் இளைஞன் ஒருவன், தன் காரைத் தாழ்த்துவதற்காகச் சுருளில் ஒரு சுற்றை வெட்டித் தருமாறு அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். "வெட்டுனா கொறையாதுப்பா, வெறைக்கும்" என்று மறுத்துவிட்டார். நீளம் குறைந்தால் ஸ்பிரிங் மென்மையாகும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் நடந்ததைச் சொன்னேன். எதிரில் நின்ற லாரியின் பின்சக்கரத்துக்கு மேலே கை காட்டினார். முதன்மைப் பட்டைக் கட்டின்மேல் தொடாமல் நிற்கும் சிறு கட்டு ஒன்று. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால்தான் அது துணைக்கு வரும். அதையே ஜீப்புக்கும் கேட்டேன்.

"அது லாரிக்கு. மூட்டைக்கு டெம்போ வச்சுக்குங்க சாமி. இதுல ஆளுங்கதானே வராங்க?"

கூடுதல் பட்டைகளைக் கழற்றி, களைத்த பழைய கட்டுகளுக்குப் பதிலாக வண்டியின் அசல் அளவிலேயே புதியவற்றைப் பூட்டினார். ஷாக் அப்சார்பர்களையும் மாற்றச் சொன்னார்; பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது அவை. கழற்றிய பட்டைகளைக் கொல்லர் ஒருவர் கொடுவாள் அடிக்கக் கேட்டு வாங்கிச் சென்றார்.

மூதாட்டி பிழைத்து, கோலூன்றி நடக்கத் தொடங்கினார். மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வண்டியுடன் அவர் வாசலில் நின்றேன். ஸ்பிரிங் மாற்றியதை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் சாமி, நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றார்.