சிட்டு ஈன்ற குட்டிகள்

எங்கள் பங்கு இல்லத்து வாசற்படியில் வெள்ளையும் பழுப்பும் கலந்த சிறிய நாய் ஒன்று படுத்திருக்கும். பெயர் சிட்டு. மந்திரிப்புக்கு வருவோரும், திருமண ஓலை கொடுக்க வருவோரும் முதலில் அதனிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வருவர். "சாமியாருக்கு எதற்கு இவ்வளவு விலையுயர்ந்த சாதி நாய்?" என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் அது விலை கொடுத்து வாங்கிய நாயன்று. ஒரு வகையில் என்னை வந்தடைந்த கடன். அந்தக் கதையைத் துண்டு துண்டாகப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் எழுதுவது இதுவே முதல் முறை. எழுதும்போது என் பங்குக்குரிய குற்றத்தை மறைக்க இயலாது என்பதாலேயே இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன் போலும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையை அறிந்தவர்களுக்கு எங்கள் நிலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இடையிடையே சுண்ணாம்புக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதி. மழை பொய்த்தால் ஆண்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டுவிடுவர். அவ்வாறு புறப்பட்ட என் பங்கு மக்களுள் ஒருவர் பத்தாண்டுகள் பெங்களூரில் ஒரு வீட்டில் கார் ஓட்டினார். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அவ்வீட்டார் வெளிநாட்டுக்குக் குடிபெயரவே, இவர் வேலையிழந்து ஊர் திரும்பினார். கடைசி மாதச் சம்பளத்தோடு, தாங்கள் வளர்த்த இரண்டு வயதுப் பெட்டை நாயையும் அவர்கள் இவரிடமே ஒப்படைத்துவிட்டனர்.

எங்கள் பக்கத்தில் வெள்ளையாய்ச் சிறிதாய் எந்த நாய் இருந்தாலும் அது 'பொமரேனியன்'தான். இதற்குச் சடை இல்லாததால் 'மொட்டைப் பொமரேனியன்' என்று ஊரார் பெயரிட்டனர். உண்மையில் அது ஜாக் ரஸல் டெரியர் என்னும் இனம். டெரியர் என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'தெர்ரா', அதாவது மண். குருமடத்தில் அம்மொழியோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதைக் கண்டுகொண்டபோது எனக்கு மகிழ்ச்சி. மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கும் நரியை, வளைக்குள்ளேயே புகுந்து வெளியே துரத்துவதற்கென வளர்க்கப்பட்ட நாய்கள் இவை. நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளில், கிராமபோன் குழலுக்கு முன் தலை சாய்த்து அமர்ந்திருக்குமே, அந்த நிப்பரும் 1884-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த டெரியர் கலப்பு நாய்தான்.

ஜாக் ரஸல் என்பவர் யார் என்று தேடியபோது எனக்கு வியப்பே ஏற்பட்டது. அவர் ஓர் ஆங்கிலிக்கன் சபைக் குரு! ஜான் ரஸல் (1795–1883) என்பது முழுப் பெயர். 1819-இல் ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது பால்காரர் ஒருவரிடம் கண்ட 'டிரம்ப்' என்னும் பெட்டை நாயை விலைக்கு வாங்கி, அதன் வழியாகத் தம் நாய்களை வளர்த்தெடுத்தார் என்பர். பின்னர் டெவன் பகுதியிலுள்ள சுவிம்பிரிட்ஜ் என்னும் ஊரில் நெடுங்காலம் பங்குக் குருவாகப் பணியாற்றினார். அவருடைய வேட்டைப் பித்தைக் கண்டு ஆயர் மனவருத்தம் கொண்டார் என்றும் படித்தேன். நாயின் பொருட்டு மேலிடத்தில் பெயர் கெடுத்துக்கொண்ட முதல் குரு நான் அல்லன் என்பதில் ஒரு சிறு ஆறுதல்.

சிட்டு வந்த முதல் ஆண்டு, அவர் வீட்டு மக்காச்சோளப் பட்டியில் எலி நடமாட்டமே இல்லாது போயிற்று. பெருச்சாளியைக்கூடக் கழுத்தைக் கவ்வி ஓர் உதறு உதறிப் போட்டுவிடும். அதைக் கண்டு வியந்த பெரம்பலூர் வியாபாரி ஒருவர், "குட்டி போட்டால் எனக்கொன்று கொடுங்கள், கேட்ட விலை தருகிறேன்" என்று சொல்லிப் போனார். அந்தச் சொல்தான் விதை. வேலையற்றிருந்த அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருவரும் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். "சாமி, நாய்க் குட்டி விற்பது பாவமாகுமா?" என்று தாய் என்னிடம் வந்து கேட்டார். கோழி வளர்த்து விற்பது பாவமில்லை என்றால் இது மட்டும் எப்படிப் பாவமாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

திருச்சியில் ஒருவரிடமிருந்த ஆண் நாயோடு இணை சேர்த்தனர். நாய் சினைப்பட்டு ஈனுவதற்கு ஏறத்தாழ 63 நாள். 2021 ஆகஸ்டில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்று ஆண் நாயின் உரிமையாளருக்கு. கூலிக்குப் பதில் குட்டி பெறுவது இத்தொழிலில் வழக்கம். அந்த முதல் ஈற்றை அந்த அம்மாள் பேணிய விதத்தை நான் நேரில் கண்டேன். சாக்கின் மேல் பழைய பருத்திச் சேலை விரித்து, மூலையில் மண்சட்டியில் தணல் வைத்திருந்தார். பிறந்த குட்டிக்கு உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. குளிர்ந்துவிட்டால் பாலும் குடிக்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்தது. மூன்றாம் வாரத்தில் பல் முளைத்தது. பிறகு ஒன்றன் காதை ஒன்று கடித்து இழுத்து ஒரே கூச்சல். தொற்றுக் காலமாதலால் வாங்க வருவோர் தாமதித்தே வந்தனர். குட்டிகள் இரண்டு மாதம் தாயோடு இருந்து, 8,000 ரூபாய் வீதம் நான்கும் விலைபோயின. அவை நான்கும் இன்றும் நலமாயிருக்கின்றன என்று கேள்வி. அந்தத் தாமதமே அவற்றைக் காத்தது என்பது அப்போது எங்களில் எவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த பருவத்திலேயே மீண்டும் சேர்த்தனர். 2022 ஏப்ரலில் நான்கு குட்டிகள். இம்முறை விலை 10,000. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் விடுதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். வாங்குவோரோ அவசரப்பட்டனர், குட்டி எவ்வளவு சிறிதோ அவ்வளவு அழகு என்பது அவர்கள் எண்ணம். மாதா வணக்க மாதச் செபமாலை முடிந்த ஓர் இரவு அந்தத் தாய் கோயில் படியில் காத்திருந்தார். "இன்னும் பால் குடிக்கிறது சாமி. பிரித்து அனுப்ப மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுக்கலாமா என்று பார்க்கிறேன்" என்றார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது: "அம்மா, உங்கள் பிள்ளைகளின் படிப்பு முதலில், நாய்க்குட்டி பிறகு. புட்டியில் பால் கொடுத்து வளர்த்துக்கொள்வார்கள். கொடுத்துவிடுங்கள்."

34-ஆம் நாள் நான்கும் போயின. பதினைந்து நாளுக்குள் மூன்று இறந்தன. வாந்தி, இரத்தக் கழிச்சல், இரண்டே நாளில் முடிவு. பார்வோ என்னும் நச்சுயிரி நோய். 1978-இல் உலகெங்கும் திடீரெனத் தலைகாட்டிய இது, இன்றும் குட்டிகளின் பெரும் எமன். நோயுற்ற நாய் நடமாடிய மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இந்த நோய்க்கு எதிரான ஆற்றலைக் குட்டி முதலில் பெறுவது தாயின் சீம்பாலிலிருந்து. தாய்க்கே தடுப்பூசி போடப்படாதபோது, கொடுப்பதற்குத் தாயிடம் என்ன இருக்கும்? குட்டிக்கு முதல் ஊசி போடும் வயதும் ஆறிலிருந்து எட்டு வாரம். நாங்கள் ஐந்தாவது வாரத்திலேயே, ஊசியும் இல்லாமல், அவற்றை முன்பின் அறியாத வீடுகளுக்கு அனுப்பியிருந்தோம்.

இறந்த குட்டிகளுள் ஒன்று அரியலூரில் ஒரு சிறுவனுக்குப் புது நன்மைப் பரிசாகச் சென்றது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்தக் குடும்பத் தலைவரோடு நானும் மூன்று வீடுகளுக்கும் சென்றேன். கையிலிருந்த பணம் முழுவதும் விடுதிக்குப் போய்விட்டது. பாதியை நான் என் சேமிப்பிலிருந்து எடுத்தேன். ஒரு வீட்டில் எங்களை நிற்க வைத்தே ஏசினர், ஏசியது சரிதான். இன்னொரு வீட்டில் பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டனர். அரியலூர் வீட்டில் பணம் வேண்டாம் என்றனர். அச்சிறுவன் கொல்லைக்கு அழைத்துச் சென்று முருங்கை மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினான். "அம்மா ஞாபகம் வந்து செத்துப்போச்சா சாமி?" என்று கேட்டான். இல்லை தம்பி, அது கிருமி என்றேன். நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பொய் சொன்னவனைப் போலவே இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் நன்று. இழந்த பணத்தை ஈடுகட்ட மூன்றாம் முறையும் சேர்த்தனர். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை; திறந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் சிட்டு ஓர் இரவு முழுதும் முக்கியும் குட்டி வெளிவரவில்லை. விடியற்காலையில் என் பழைய வண்டியில் போட்டுப் பெரம்பலூருக்குக் கொண்டு சென்றோம். அறுவை செய்து மூன்றை எடுத்ததில் ஒன்றுதான் பிழைத்தது. கருப்பையையும் அகற்றிவிட்டார் கால்நடை மருத்துவர். கை கழுவிக்கொண்டே, "பதினைந்து மாதத்தில் மூன்று ஈற்று. எலும்பில் சத்தே இல்லை. இது நாய் ஃபாதர், மெஷின் இல்லை" என்றார். இளைஞர், பிற சமயத்தவர். என் வெள்ளை அங்கியைப் பார்த்துச் சற்றுத் தயங்கித்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

அவர் வழியாகத்தான் 2017-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளை அறிந்தேன். விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்பது அலுவலகத்தார் தம் மேசையில் இட்டுக்கட்டிய எண்ணன்று. உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதைக் கல்லாமல் சீக்கிரம் பிரிக்கப்பட்ட நாயே பின்னாளில் வீட்டுக் குழந்தையைக் கடித்து, 'கெட்ட நாய்' என்று பெயர் பெற்றுத் தெருவுக்கு வருகிறது.

நான் அந்தத் தாய்க்குச் சொன்ன அறிவுரைக்கு ஆதாரம் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2418-ஆம் எண்ணில், மனிதத் துயர் துடைப்பதற்கு முதன்மையாகச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. மனிதர் முதலில் என்பது என் வாதம். ஆனால் அதே எண்ணில், அந்தக் கருத்துக்கு முந்திய வரியிலேயே, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகச் செய்வதும் மனித மாண்புக்கு முரண் என்றும் இருக்கிறது. இரண்டையும் பலமுறை வகுப்பில் கற்பித்தவன் நான். தேவைப்பட்ட நேரத்தில் எனக்கு வசதியான பாதி மட்டுமே நினைவுக்கு வந்தது.

இதனால் இத்தொழிலையே வெறுத்துவிட்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஐம்பது ரூபாய்க்கு உழைக்கவும் வழியில்லாத ஊரில், கண்ணும் கருத்துமாகச் செய்தால் இது நேர்மையான பிழைப்பு. என் கோபமெல்லாம் மோட்டார் சைக்கிளில் கம்பிக் கூடை கட்டி, கண் திறந்த குட்டிகளைச் சந்தைக்குச் சந்தை கொண்டு திரியும் தரகர்கள்மீதும், பிறந்தநாள் விருந்துக்குப் பொம்மை வாங்குவதுபோல் வாங்கிவிட்டு மறுமாதமே சாலையில் இறக்கிவிடுவோர் மீதும்தான். இன்னொன்றும் உண்டு. இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாடு இது. எங்கள் ஊர்த் தெருவில் இலவசமாகக் கிடைக்கும் நாட்டு நாய்க்குட்டியை ஏறெடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஆனால் அது வேறு கதை. அதை எழுதத் தொடங்கினால் ஆசிரியர் பக்கம் போதாது என்பார்.

அறுவைக்குப் பின் சிட்டுவை வைத்துப் பராமரிக்க அந்த வீட்டில் வசதியில்லை. ஈனாத நாய்க்குச் சோறு போட வேண்டுமா என்று கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை. போடவும் கையில் பணமில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வாரம் உணவைத் தொடவில்லை. இப்போது மாலைச் செபமாலையின்போது கோயில் வாசலுக்கு வந்து, கோயில்பிள்ளையின் செருப்பின்மேல் தலை வைத்துப் படுத்துக்கொள்கிறது. எங்கள் பழைய சாமான் அறையில் எலி இல்லை.

பிழைத்த அந்த ஒரு குட்டியைத் தாய் விற்கவில்லை. இரண்டு வயது நிறைந்த பிறகு, ஊசிகளெல்லாம் போட்டு, மருத்துவரைக் கேட்டு, இவ்வாண்டுதான் முதன்முறையாகச் சேர்த்தனர். நான்கு குட்டிகள். அவர்கள் வீட்டுச் சுவரில் நம் மறைமாவட்ட நாட்காட்டி தொங்குகிறது. திருநாட்களுக்கு அச்சில் சிவப்பு. அது போதாதென்று ஒரு நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார் அந்த அம்மாள். குட்டிகளுக்கு 56 நாள் நிறையும் நாள்.

சென்ற வாரம் நான் அங்கிருந்தபோது பெரம்பலூரிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். மகளுக்குப் பிறந்தநாள், அன்றே வேண்டுமாம். முழுப் பணத்தையும் எடுத்து மேசைமீது வைத்து, மேலும் இரண்டாயிரம் சேர்த்து வைத்தார். விடுதிக் கட்டணத்துக்கு அம்மாதமும் தவணை இருந்தது, எனக்குத் தெரியும். அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பணத்தை மடித்து வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதுங்க. பாப்பாவை அழைத்து வந்து இங்கேயே பார்த்துவிட்டுப் போங்களேன். எதைப் பிடித்திருக்கிறதோ, அதன் கழுத்தில் ஒரு நூல் கட்டி வைக்கிறேன்" என்றார்.