போலீஸுக்குக் கேட்காத பியானோ

சனிக்கிழமை ராத்திரி கல்யாணக் கச்சேரியில் குத்துப் பாட்டு. ஞாயிறு காலை சர்ச்சில் ஞானப் பாட்டு. இரண்டுக்கும் ஒரே கீபோர்டு, ஒரே வெள்ளைச் சட்டை. அவர்தான் எங்கள் மாஸ்டர். பல வருஷத்துக்கு முன்னால், ஆபீஸ் விட்டதும் அவரிடம்தான் கீபோர்டு கற்றுக்கொள்ளப் போவேன். (எட்டு மாசத்தில் வலது கை மட்டும் வந்திருந்தது. இடது கை நீண்ட லீவில்!)

"ராத்திரி அது, காலைல இது... எப்படி மாஸ்டர்?" என்று ஒருநாள் வாயை விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தாமஸ் டோர்ஸி தெரியுமா தம்பி?" என்றார். முழித்தேன்.

டோர்ஸி 1899-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா பிரசங்கியார், அம்மா ஆர்கன் வாசிப்பார். அட்லாண்டாவில் ஒரு தியேட்டரில் பையன் கூல்டிரிங்ஸ் விற்றான். கையில்தான் பாட்டில், கண்ணெல்லாம் மேடைப் பியானோக்காரரின் விரல்மேல். அதுதான் முதல் கிளாஸ், ஃபீஸே கிடையாது!

1916-ல் சிகாகோ. வீட்டு வாடகைக்குப் பணம் தேற்ற, வீட்டிலேயே டிக்கெட் போட்டு ராத்திரி பார்ட்டி நடத்துவார்கள். சத்தம் கேட்டால் போலீஸ் வரும். டோர்ஸியோ ஆட ஆளுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காது என்கிற அளவில் வாசிப்பார். 'கிசுகிசு பியானோக்காரர்' என்றே பேர். அப்புறம் காலேஜில் சேர்ந்து முறையாக இசையமைப்பும் படித்தார். 1924-ல் ப்ளூஸ் ராணி மா ரெய்னிக்குப் பக்கவாத்தியம். 1928-ல் அவர் போட்ட ஒரு இரட்டை அர்த்தப் பாட்டு சக்கைப்போடு போட்டது. அதே ஆள் தேவன் பாட்டும் எழுதிக்கொண்டு போனால்? ப்ளூஸ் வாசனை அடிக்கிறதென்று பல சர்ச்சுகள் கதவைச் சாத்தின.

மாஸ்டர் சட்டென்று நிறுத்தினார். "அடுத்த வாரம் வரமாட்டேன்னீங்களே, ஏன்?"

"கோயம்புத்தூர் டூர் மாஸ்டர்."

"வீட்டுல?"

"நிறைமாசம். மாமியார் இருக்காங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "1932 ஆகஸ்ட். டோர்ஸி சம்சாரம் நெட்டியும் நிறைமாசம். இவர் செயின்ட் லூயிஸ்ல பாடணும். கார்ல கிளம்பினவர் நோட்டுப் பெட்டியை மறந்துட்டுத் திரும்பி வந்தார். நெட்டி தூங்கிட்டிருந்தாங்க. எழுப்பலை. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். போன ஊர்ல, மேடையில இருக்கும்போதே தந்தி வந்துச்சு. பிரசவத்துல நெட்டி போயிட்டாங்க. பிறந்த பையனும் தங்கலை."

கொஞ்ச நாள் கழித்து நண்பரோடு ஒரு பியானோ முன்னால் உட்கார்ந்தபோது வந்ததுதான் 'டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்'. அடிப்படை, பழைய பஜனை மெட்டு. இழுப்பு மட்டும் ப்ளூஸ்காரனுடையது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் அன்றைய கூட்டத்தில் இதை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் சுடப்பட்டார். இறுதிச் சடங்கில் இதை மகேலியா ஜாக்சன் பாடினார். டோர்ஸி 1993 வரை இருந்தார்.

மாஸ்டர் அதை வாசித்துக் காட்டினார். ரொம்ப மெதுவாக. தெருவுக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் மேனேஜரிடம் போய், டூர் முடியாது சார் என்றேன். "ஏன்யா, பிரசவம் உமக்கா?" என்றார். ஆபீஸே சிரித்தது. வேறொருவர் கோயம்புத்தூர் போனார். என் இன்க்ரிமென்ட்டும் அவர் கூடவே போனது.

வியாழக்கிழமை விடிகாலை மூணு மணிக்கு ஆட்டோ பிடிக்க ஓடியது நான்தான். பாதி வழியில், ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டோமே என்று மாமியார் அலறினார். ஆட்டோவைத் திருப்பவிடவில்லை நான்.