கணையமும் கருணையும்

நாய்க்குச் சோறு வைக்கத் தராசு எதற்கு என்று எங்கள் இல்லத்திற்கு வருவோர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நம் ஊர்களில் நாய்க்கென்று எவரும் தனியே உலை வைப்பதில்லை. வீட்டார் உண்டது போக எஞ்சியதும், இலையில் ஒதுக்கியதும், எலும்பும் தோலும் நாய்க்கு உரியவை என்பது வழிவழியாக வந்த வழக்கம். தெருவில் ஓடியாடித் திரியும் நாட்டு நாய் பெரும்பாலும் அதை உண்டு செரித்துவிடுகின்றது. ஆனால் எங்களோடு வாழும் மணி, 4 கிலோ எடையுள்ள பொமரேனியன். வயது 11. இருமுறை கணைய அழற்சி கண்டு பிழைத்தவன்.

கணையம் என்பது இரைப்பையை அடுத்து அமைந்துள்ள மெல்லிய சுரப்பி. கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் செரிக்கச் செய்யும் நொதிகளை அது சுரக்கின்றது. புரதத்தைச் சிதைக்கும் கடுமையான நொதிகள் சுரப்பிக்குள் இருக்கும்வரை உறங்குகின்றன. சிறுகுடலை அடைந்த பின்னரே விழித்தெழுகின்றன. அவை முன்னதாகவே விழித்துக்கொண்டால், உணவைச் செரிக்க வேண்டியவை தம்மைப் பெற்ற உறுப்பையே செரிக்கத் தொடங்கும். இதுவே கணைய அழற்சி. நாய் உண்ண மறுக்கும். மீண்டும் மீண்டும் வாந்தி எடுக்கும். வயிற்றைத் தொட விடாது. சில வேளைகளில் முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி அசையாமல் நிற்கும். கால்நடை மருத்துவர்கள் இந்நிலைக்குச் ‘செபநிலை’ என்றே பெயரிட்டுள்ளனர். முழந்தாட்படியிட்டோரை நாள்தோறும் காணும் எங்களுக்கு, அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சில் ஏதோ தைத்தது.

நோய்க்கான காரணம் பலவேளை அறியப்படாமலே போகின்றது. எனினும் கொழுப்பு மிகுந்த உணவும் உடற்பருமனும் அதைத் தூண்டவல்லவை. மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களில் இந்நோய் மிகுதி. ஒருமுறை வந்தது மறுமுறையும் வரலாம். கணையம் பெரிதும் சிதைந்துபோனால் நீரிழிவும் தொடரலாம். ஆகவே மருந்துப் புட்டியைவிடச் சோற்றுக் கிண்ணமே எங்கள் கவலைக்கு உரியதாயிற்று.

முற்காலத்தில் இந்நோய் கண்ட நாய்க்குப் பல நாள்கள் ஒன்றும் கொடாது பட்டினி போடுவர். இன்று அக்கருத்து மாறிவிட்டது. வாந்தியை மருந்தால் அடக்கியபின், கொழுப்புக் குறைந்த உணவை விரைவிலேயே சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்கின்றனர். ஏனெனில் குடலின் உட்சுவர் தன்னைக் கடந்து செல்லும் உணவினாலேயே ஊட்டம் பெறுகின்றது. மணிக்குத் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பின்றி வேகவைத்து, நீரை ஆறவிட்டு, மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, குழைந்த சோற்றுடன் பிசைந்து நாளில் நான்கு வேளை தருகிறோம். இதுவும் நெடுநாளுக்குப் போதாது. சுண்ணாம்புச் சத்தும் பிற தாதுக்களும் இதில் குறைவு. அவற்றை மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் சேர்க்கிறோம். குழம்பு அறவே ஆகாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள நாய் ஓய்ந்து படுத்திருக்கையில் அதற்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 200 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். அவ்வாறாயின் 15 கிராம் நெய், அதாவது பெரிய கரண்டியில் ஒரு கரண்டி, 135 கலோரி. நமக்குச் சோற்றின் மேல் ஊற்றும் மணம். மணிக்கோ அது ஒரு நாள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் முழுக்கக் கொழுப்பாக. பெரிய உடலின் அளவுகோலால் சிறிய உடலை அளக்கும்போது அன்பே நஞ்சாகிவிடுகின்றது.

இதை விளக்குவதுதான் கடினம். திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு வீடு பிரியாணி மணக்கும். பெரியவர் ஒருவர் தம் தட்டிலிருந்து கொழுப்போடு கூடிய ஆட்டுக்கறித் துண்டொன்றை எடுத்து, “பாவம், வாயில்லா சீவன்” என்று நீட்டுகிறார். அந்தக் கை இரக்கம் நிறைந்த கை. அதைத் தடுப்பவர் கல்நெஞ்சராகத் தோன்றுகிறார். கொடுப்பவருக்குக் கொடுத்த இன்பம் உடனே கிட்டுகின்றது. உண்டவனின் வேதனையோ மறுநாளோ அதற்கு மறுநாளோ, கொடுத்தவர் ஊர் திரும்பிய பிறகே வருகின்றது. கொடை எவருடைய மகிழ்ச்சிக்காக என்று கேட்டுக்கொள்ள இச்சிறு நாய் எங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறோம். கணையத்தைப் பற்றி மனித குலம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி நாய்களின் உடலிலிருந்து கற்றதே. 1856-இல் பிரான்சில் கிளாட் பெர்னார் நாயின் கணைய நாளத்தினுள் எண்ணெயைச் செலுத்தி இவ்வழற்சியை உண்டாக்கிக் காட்டினார். 1889-இல் மெரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கணையத்தை அகற்றிய நாய்க்கு நீரிழிவு வருவதைக் கண்டனர். 1921-இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்தே இன்சுலினுக்கு வழி கண்டனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தை முதன்முதலாகப் பெற்றான். இன்று நம் பங்கில் இன்சுலின் போட்டுக்கொள்ளாத தெரு உண்டா? அந்நாய்கள் எவையும் தம்மைத் தாமே கையளித்தவை அல்ல. பட்ட கடன் என்று ஒன்று இருக்குமாயின், அதில் ஒரு துளியேனும் இந்தக் கிண்ணத்தில் செலுத்தப்படட்டும்.

ஆயினும் எங்களை உறங்கவிடாத கேள்வி வேறொன்று. கட்டட வேலைக்குச் செல்லும் பெண்மணி ஒருவர் ஒருநாள் தராசைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்ல ஞாயித்துக்கெழமதான் கோழி, சாமி. அதுவும் எல்லா வாரமும் இல்ல. இதுக்குத் தெனமும் நெஞ்சுக்கறியா?” அவர் குரலில் கசப்பில்லை, வியப்பே இருந்தது. நாளொன்றுக்கு 60 கிராம்தான் என்று கூறலாம். அளவு சிறிதென்பது விடையாகாது. நோயுற்ற உயிரை வீட்டிற்குள் அடைத்து வைத்தோர் அதற்கு ஒவ்வாததை ஊட்டுவது நீதியன்று என்றும் கூறலாம். அது உண்மை; ஆனால் அவ்வுண்மை அவருடைய பிள்ளைகளின் தட்டை நிரப்பாது. இந்தக் கிண்ணம் அவர்கள் பசிக்குக் காரணமன்று. அப்பசியை நாங்கள் மறப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது என்பதொன்றே எங்களால் சொல்லக்கூடியதாயிருந்தது.

சில மாதங்கள் கழித்து, எங்களுக்குச் சமைக்கும் அம்மையார் ஊருக்குச் சென்றபோது அவரிடத்தில் வேலைக்கு வந்தவர் அதே பெண்மணியே. தராசின் பயனை அவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணினோம். தேவைப்படவில்லை. ஒரு கோழியை ஐந்து பேருக்குப் பகிர்ந்து பழகிய கை அது. கறியைத் தொட்டுப் பார்த்தே இவ்வளவு என்றார். தராசும் ஏறத்தாழ அதையே சொன்னது. மணி உண்டு முடித்து, இன்னும் வேண்டும் என்று அவர் முகத்தை நோக்கினான். “போதும்டா, அளவாத் தின்னாத்தான் நாளைக்கும் திம்ப” என்று கிண்ணத்தை எடுத்துக் கழுவச் சென்றார்.

கொடுப்பதற்கு நிறைந்த மனம் வேண்டும் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். போதும் என்று சொல்லி நிறுத்துவதற்கும் மனம் வேண்டும். அதை அவர் வறுமையிலே கற்றிருந்தார். நாங்கள் இப்போதுதான் கற்றுவருகிறோம்.