கேள்வி நேரத்தில்தான் அது பொது விரிவுரை

'பொது விரிவுரை' என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அந்தப் பொதுவுக்குள் கலைப்பீடத்தை எங்கட கம்பஸில் ஒருவரும் எண்ணுவதில்லை. ஆய்வுச் சங்கம் நடத்தும் விஞ்ஞான விரிவுரைகளுக்கு விஞ்ஞானபீடப் பெடியள் போவார்கள். மருத்துவபீடத்தில் கொஞ்சப்பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். நாங்கள் நாலு பேர் இந்த வருஷம் விடாமல் போகிறோம். ஏனென்று கேட்பவர்களுக்கு "ரீயும் பட்டிஸும் தருவினம்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய்யுமில்லை.

இதுவரை மூன்று விரிவுரைகள். கருந்துளை பற்றியதில் படங்கள் அழகாக இருந்தன. டெங்கு பற்றியதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது எங்கட கிணறுகளைப் பற்றியது. அதைத்தான் எழுத வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் வருஷம் முழுக்கக் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். இவ்வளவும் ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் அந்த நன்னீர் உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது என்பதை ஒருவரும் எங்களுக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே கிட்டத்தட்ட 40 மீற்றர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்குமாம். மேலே ஒரு மீற்றர் இறங்கினால் கீழேயிருந்து 40 மீற்றர் உப்பு ஏறிவர வழி கிடைக்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பதற்கும் இதுதான் காரணம். சின்ன வயதில் அங்கே சுற்றுலா போனபோது எங்களுக்குச் சொன்னது இராமர் அம்பு விட்ட கதை மட்டும்.

விரிவுரையாளர் தமிழில்தான் பேசினார். ஸ்லைட் எல்லாம் ஆங்கிலம். நைத்திரேற்று என்று பாடப்புத்தகத்தில் படித்தது அவர் வாயில் நைட்ரேட் ஆகி, திரையில் வெறும் குறியீடாகி நின்றது. பின்வரிசையில் இருந்த ஆட்கள் போனை எடுத்துவிட்டார்கள். 1847இல் இங்கே வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர், புத்தகங்களையும் தமிழாக்கியவர். அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வரைபடத்தின் இரண்டு அச்சுக்குத் தமிழில் பெயர் போடக் கஷ்டமா என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம்.

கேள்வி நேரம் வந்ததும் எல்லாம் மாறியது. எங்கள் நாலு பேரில் ஒருத்தியின் அக்காவுக்கு நாலு மாதக் குழந்தை. வீடு வலிகாமத்தில், சுற்றிவர வெங்காயத் தோட்டம். அவள் எழும்பி, "சேர், கொதிக்க வைச்சா இந்த நைட்ரேட் போகுமா?" என்று கேட்டாள். போகாது என்றார். கிருமி சாகும், ஆனால் தண்ணீர் ஆவியாக ஆவியாக மிஞ்சுவதில் நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும். பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருகிற அது, சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். இதைச் சொல்லும்போது அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஆங்கிலச் சொல்லும் தேவைப்படவில்லை. போனில் இருந்தவர்களும் நிமிர்ந்துவிட்டார்கள்.

அவள் மண்டபத்துக்கு வெளியே போய் அக்காவுக்குக் கோல் எடுத்தாள். அந்த வீட்டில் நல்லாக் கொதிக்கட்டும் என்று அரைமணித்தியாலம் அடுப்பில் விடுவது வழக்கமாம். கிணற்றுத் தண்ணீர் இப்போது சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகு சாரம் கட்டிய ஒரு ஐயா எழும்பினார். கமக்காரர். "தம்பி, நீங்கள் சொல்லுறது விளங்குது. யூரியாவைக் குறைச்சா விளைச்சல் குறையும். அந்த நட்டத்தை ஆர் தாறது?" என்றார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. விரிவுரையாளர் நேர்மையான மனுசன். "ஐயா, அது என்ர பாடத்துக்கு வெளியிலை" என்றார். தலைவர் நேரம் போய்விட்டது என்று நன்றியுரைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அது எங்கட பாடம். பொருளியலும் சமூகவியலும் புவியியலும் படிக்கிற நாங்கள் பட்டிஸ் சாப்பிட்டபடி அதைத்தான் கதைத்தோம். பசளை மானியம் யாருக்குப் போகிறது, குத்தகைத் தோட்டக்காரர் ஏன் கூடப் போடுகிறார், கடன் எங்கே எடுக்கிறார். எங்களில் இரண்டு பேருக்கு அடுத்த வருஷ ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்கவேண்டும். அந்த ஐயாவின் ஊரை விசாரித்து வைத்திருக்கிறோம். வெங்காயம் கிண்டி முடியட்டும், பிறகு வா பிள்ளை என்றிருக்கிறார்.